எண்ணை யார் சொல்வது?

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு விளையாடாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. 1 முதல் 25 வரையுள்ள எண்களை மனம்போன வரிசையில் அதில் நிரப்ப வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் தன் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அதையே செய்வார். பிறகு ஆளுக்கொரு எண்ணாக மாறி மாறிச் சொல்ல வேண்டும். யார் சொன்னாலும் இருவரும் அந்த எண்ணை அடித்தாக வேண்டும். குறுக்கிலோ நெடுக்கிலோ மூலைவாட்டிலோ ஒரு வரி முழுக்க அடிபட்டால் ஓர் எழுத்து கிடைக்கும். ஐந்து வரி சேர்ந்தால் பிங்கோ. காசு, காய், பலகை எதுவும் வேண்டாம். 25 எண்களை 25 கட்டங்களில் அடுக்கும் வழிகள் எத்தனை என்று கணக்குப் போட்டால் 26 இலக்க எண் ஒன்று வரும். ஆகவே ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் கட்டம் ஒத்துப்போகாது என்று துணிந்து சொல்லலாம். யாரும் அச்சடித்துக் கையில் திணிக்காத சீட்டு அது. அவரவர் எழுதிக்கொள்வது.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படும் ஒன்று உண்டு. எனக்கு வேண்டிய எண்ணை நான் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கட்டத்திலும் ஒன்று அடிபடுகிறது. அவருடைய தாள் நகராமல் என் தாள் நகர வழியில்லை. அவர் எந்த வரியை நிரப்பப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்லும் எண்களைக் கவனித்தால் கொஞ்சம் பிடிபடும். ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகும் இரண்டு பேர் பழக வேண்டியது இந்தக் கவனத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் கம்பெனிப் பேருந்துகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. ஏறுபவர்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின் இந்த மாவட்டத்தின் வேலைக் கணக்கே மாறிப்போனது. அப்பா தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்த வீட்டில், மகள் நீலச் சட்டையும் அடையாள அட்டையுமாக ஷிப்டுக்குக் கிளம்புகிறாள். அவள் அருகில் உட்காரும் பெண் தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்திருக்கலாம், ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கலாம். பெயர் தெரியாது, மொழி தெரியாது. இந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி நாளிலும், ஆயுத பூஜை, பொங்கல், மகளிர் தினம் போன்ற கொண்டாட்டங்களிலும் இன்றைய நிறுவனங்கள் பிங்கோவைக் கையில் எடுக்கின்றன. எச்.ஆர். துறையினர் இதை ஐஸ் பிரேக்கர் என்பார்கள், டீம் பில்டிங் என்பார்கள். வேலையிடத்துக்குள் விளையாட்டு வருவதை நான் வரவேற்கிறேன். எந்த விளையாட்டு, எப்படி என்பதில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பெரும்பாலும் ஆடப்படுவது தம்போலா. ஒரு சீட்டு, மூன்று வரி, ஒன்பது பத்தி. 27 கட்டங்களில் 15இல் மட்டும் எண்கள். 1 முதல் 90 வரையுள்ள எண்களை ஒருவர் பையிலிருந்தோ உருளையிலிருந்தோ எடுத்து மைக்கில் அறிவிப்பார். முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ஜல்தி ஃபைவ், பிறகு மேல்வரி, நடுவரி, கீழ்வரி, நான்கு மூலை, கடைசியில் ஃபுல் ஹவுஸ். இத்தாலியிலிருந்து கிளம்பி, ஆங்கிலேயப் பட்டாளத்தில் ஹவுஸி என்று பேர் மாறி, கண்டோன்மென்ட் கிளப்புகள் வழியாக நம் அதிகாரிகள் மன்றங்களுக்கும் அங்கிருந்து அடுக்ககச் சங்கங்களுக்கும் வந்து சேர்ந்த ஆட்டம் இது. ஐந்துக்கு ஐந்து கட்டத்தின் கதை வேறு. 1929இல் ஜார்ஜியா மாநிலத்துச் சந்தை ஒன்றில் அவரைக்கொட்டை வைத்து ஆடப்பட்ட ஆட்டத்தைக் கண்ட எட்வின் லோ என்ற நியூயார்க் பொம்மை வியாபாரி அதைப் பிங்கோ என்று பெயரிட்டு விற்றார். அமெரிக்கச் சீட்டில் 75 வரையுள்ள எண்கள் வரும். நடுக் கட்டம் எல்லோருக்கும் இலவசம்.

தம்போலாவில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. பையிலிருந்து வரும் எண்ணுக்குப் பதவி தெரியாது. கேன்டீனில் பாத்திரம் கழுவுபவருக்கு ஃபுல் ஹவுஸ் விழலாம். பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு வரிகூட விழாமல் போகலாம். அந்த அரைமணி நேரம் எல்லோர் தலையும் ஒரே உயரத்தில் குனிந்திருக்கும். ஆனால் அந்த அரைமணியில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. மைக் ஒருவர் கையில் இருக்கிறது. மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அவர் சொல்வதை அடிக்கிறார்கள். ஷிப்டில் எட்டு மணி நேரம் செய்வதும் அதுதான்: ஒருவர் அறிவிக்க, பலர் நிறைவேற்றுவது. சிரிப்பும் கைதட்டலும் பரிசுப் பெட்டியும் கூடினாலும் அமைப்பு மாறவில்லை.

இன்னொரு வகையில் எண்ணே கிடையாது. கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதிலாக ஒரு வாசகம் இருக்கும்: வெளிநாடு போனவர், கிதார் வாசிப்பவர், வீட்டில் நாய் வளர்ப்பவர், மலையேறியவர், இரண்டு குழந்தைகள் உள்ளவர். தாளை எடுத்துக்கொண்டு அறை முழுவதும் சுற்றி, அந்த வாசகத்துக்குப் பொருந்துபவரைக் கண்டுபிடித்து அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆளையே கட்டமாக்கும் இந்தப் பிங்கோவில் பேச்சு உண்டு, நடை உண்டு, முகம் பார்த்தல் உண்டு. அதனால் தம்போலாவைவிட இது ஒரு படி மேல். ஆனால் கேள்விகள் எங்கோ அச்சாகி வந்தவை. சொந்த ஊரைத் தாண்டி சென்னைக்கு மட்டுமே போயிருக்கும் பெண்ணிடம் வெளிநாடு போனதுண்டா என்று வரிசையாக ஏழெட்டுப் பேர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் தலையாட்டி மறுத்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பித் தந்தவர்கள் ஏற்கெனவே அறையில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். யாருடைய கூச்சத்தைப் போக்க வேண்டுமோ அவருடைய கூச்சம் கூடிப்போனது. குழந்தைகள் பற்றிய கட்டத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டின் வலியைக் கட்டம் போட்டுக் கேட்பது அது.

நம் ஊரில் இதைவிட நுட்பமான ஆபத்தும் இருக்கிறது. உள்ளூர் மணம் வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கேள்விகளை மாற்றுபவர் முதலில் எழுதுவது, ‘பெரிய காஞ்சிபுரத்துக்காரர்’, ‘சின்ன காஞ்சிபுரத்துக்காரர்’, ‘பிள்ளையார்பாளையத்துக்காரர்’ என்றுதான் இருக்கும். காஞ்சிபுரத்தில் எந்தத் தெரு என்று கேட்பது வெறும் விலாசம் கேட்பதாகாது. செங்குந்தர் எங்கே, பத்மசாலியர் எங்கே, தேவாங்கர் எங்கே, கோயிலைச் சுற்றிய மாடவீதிகளில் யார், ஊர் ஓரத்துக் காலனியில் யார் என்பது இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் மனப்பாடம். தெருப் பெயர் வாயிலிருந்து வந்ததும் கேட்டவரின் கண்ணில் ஒரு கணக்கு முடிந்துவிடும். ‘சைவம் மட்டும் சாப்பிடுபவர்’ என்ற கட்டமும் அதே வேலையைத்தான் செய்யும். பிறப்பைத் தொடும் எந்தக் கேள்வியும் அறையை ஒன்றாக்காது. ஏற்கெனவே இருக்கும் கோடுகளை மீண்டும் ஒருமுறை அழுத்தி வரையும்.

பிறப்பைக் கேட்காமல் கையைக் கேட்கலாம். ஒருவர் என்னவாகப் பிறந்தார் என்பதை விட்டுவிட்டு அவர் கை என்ன செய்திருக்கிறது என்று கேட்டால் இந்த ஊரில் கட்டங்கள் தாமாக நிரம்பும். தெருவில் பாவு நீட்டியபோது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அறுந்த இழையைத் தெரியாதபடி முடியத் தெரிந்தவர். ஜக்கார்டு அட்டைகளை வரிசை தப்பாமல் கோத்தவர். மூன்று மொழியில் பேரம் பேசுபவர். பாலாற்றில் கரைபுரண்டு தண்ணீர் ஓடியதை நேரில் பார்த்தவர். சீட்டு எடுத்த பணத்தில் வீட்டில் ஒரு காரியம் முடித்தவர். மந்தாரை இலை வைத்த குடலையில் கோயில் இட்லி வேகும் மணம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், அனந்தசரஸ் திருக்குளத்துக்குள்ளிருந்து 40 ஆண்டுகளுக்குப் பின் வெளியே எழுந்தருளிய அத்திவரதரைக் காண ஊர் தாங்காத கூட்டம் வந்தது. அதைக் கட்டமாக்கினால் ‘அத்திவரதரைத் தரிசித்தவர்’ என்று எழுதக் கூடாது. ‘அந்த 48 நாளில் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தண்ணீரோ திண்ணையோ கொடுத்தவர்’ என்று எழுத வேண்டும். முதல் கேள்வி அறையில் உள்ள முஸ்லிமையும் கிறித்தவரையும் விலக்கிவிடும். இரண்டாவது கேள்விக்கு அவர்களிடமும் பதில் இருக்கும். அன்றைக்கு வீட்டுக் குடத்தை வாசலில் வைத்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

மொழிக் கட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அச்சாகி வரும் தாள்களில் ‘மூன்று மொழி பேசுபவர்’ என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். அதற்கு மேலாளர்களைத் தேடிப் போவார்கள். காஞ்சிபுரத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டுக்குள் பேசி, தெருவில் தமிழ் பேசி, பெங்களூர்ப் பட்டுநூல் வியாபாரியோடும் சூரத்து ஜரிகைக்காரரோடும் வேறொன்றில் கணக்குப் பார்க்கும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுபவர், வரும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே விலையை எந்த மொழியில் சொல்வது என்று முடிவு செய்வார். அந்தக் கட்டத்தில் முதலில் கையெழுத்திட வேண்டியவர்கள் அவர்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவராகக்கூட இருக்கலாம். ஒரு நல்ல கட்டத்துக்கு இந்த வலிமை உண்டு: அறையில் யார் பெரிய ஆள் என்ற கணக்கை ஒரு கையெழுத்தில் புரட்டிப்போடும்.

கையெழுத்து வாங்கினால் போதும் என்று விட்டுவிட்டால் அதுவும் ஓட்டப்பந்தயமாகிவிடும். தாளை நீட்டுவது, கிறுக்கி வாங்குவது, அடுத்தவரிடம் ஓடுவது. பெயரைக்கூடப் படிக்க மாட்டார்கள். முதலில் முடித்தவருக்குப் பரிசு என்ற விதியை எடுத்துவிட்டு, கையெழுத்திட்டவர் சொன்ன கதையைப் பிறகு எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும் என்று வைத்தால் வேகம் தானாகக் குறையும். பாவின் முனையைப் பிடித்து நின்றதாகச் சொன்னவரிடம் எத்தனை மணிக்கு என்று கேட்கத் தோன்றும். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது. தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, ஒட்டியதைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுப்பதற்கு ஒரு வீட்டு ஆட்கள் போதாது. பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிற்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள் போய் நிற்பார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தர்மபுரிப் பெண்ணுக்குத் தன் ஊரில் நாற்று நட மாற்றாள் போன நாள் நினைவுக்கு வரலாம். அதன்பின் அந்த இருவருக்கும் பேச ஒன்று கிடைத்துவிடும்.

எண்ணைப் பையிலிட்டு எடுக்கும் குலுக்கல் என்று வந்தபின் உத்திரமேரூரை நினைக்காமல் இருக்க முடியாது. இதே மாவட்டத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டி, சபை முழுவதும் கூடியிருக்கும்போது குடத்தில் இட்டார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமாரும், அதாவது கோயில் பூசாரிகளும், அதையே படிக்க வேண்டும். இப்படித் தேர்ந்தவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் காத்திருக்க வேண்டும்.

விரித்த விரல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை எழும். குலுக்கலில் யாரும் கைவைக்கவில்லை என்று ஊர் நம்ப வேண்டும். அதற்குக் கையைத் திறந்து காட்ட வேண்டும் என்று 1100 ஆண்டுகளுக்கு முன் யோசித்து, அதைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதையும் அதே கல் சொல்கிறது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. வேதப் படிப்பு கூடுதலாக இருந்தால் நிலத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. அது பிராமணர் ஊர்ச்சபை. நெய்தவர், உழுதவர், பெண்கள் எவர் பெயரும் ஓலையில் ஏறவில்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் குடத்துக்குள் போகாத பெயர் வெளியே வராது. வேலையிடத்துப் பிங்கோவுக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்து, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் காவலர்களையும் வெளியே நிறுத்திவிட்டு ஆடும் ஆட்டம் யாரை ஒன்றாக்கும்?

ஓலை எடுத்த அந்தச் சிறுவனிடமிருந்து என் மனம் தறிக்குப் போகிறது. காஞ்சிபுரத்துப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் பிரியாமல் இழைக்கு இழை பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர் போதாது. ஒரு பக்கக் கரைக்கு நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். இரண்டு பேரின் கையும் காலும் மூச்சும் ஒரே தாளத்தில் போனால்தான் கரை நேராக நிற்கும். கூட்டு வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று தோன்றும். ஆனால் பல காலம் அந்த இன்னொருவர் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. உத்திரமேரூரில் சிறுவனின் அறியாமை நடுநிலைக்கு உத்தரவாதம். தறியில் அது அந்தப் பிள்ளை கொடுத்த விலை.

அந்தத் தறியில் இருவரின் கைகள் இசைந்து போயின. ஒருவர் மட்டுமே எண் சொன்னார். கைகள் இசைவதையே அணி என்று கொண்டால் அந்தப் பிள்ளையும் அணியில் இருந்ததாகிவிடும். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு வேலையிடம் அணியாக இருக்கிறதா என்று அறிய, அதன் வேகத்தைப் பார்த்தால் போதாது. அதில் கடைசியாகச் சேர்ந்தவருக்கும் எண் சொல்ல முறை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

2021 டிசம்பரில் இதே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அது பொய் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லாததால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கூட வேலை செய்பவள் உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்விக்காக இரவில் நெடுஞ்சாலைக்கு வந்தவர்களிடம் பிணைப்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு இல்லாமல் போனது கேட்க ஓர் இடமும் பதில் சொல்ல ஒரு வாயும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். அடுத்த மாதம் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஊதியத்தோடு அவர்கள் கேட்ட முக்கியமான ஒன்று தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

இந்த நிகழ்வுகளையும் பிங்கோவையும் ஒரே கட்டுரையில் வைப்பது சிலருக்குப் பொருத்தமில்லாமல் தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒரே வரியில்தான் நிற்கின்றன. விளையாட்டு மனிதர்களை ஒருவருக்கொருவர் பழக்கப்படுத்தும். பழகியவர்கள் பேசுவார்கள். பேசுபவர்களுக்குக் கேட்க வேண்டியது என்று சில இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை சிரிக்கச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை அதே ஆட்கள் சேர்ந்து வந்து கழிப்பறை இடைவேளை பற்றிப் பேசினால் முகம் சுளிக்கும் நிர்வாகம், தான் ஆட வைத்த ஆட்டத்தைத் தானே கலைக்கிறது. பிங்கோ சங்கத்துக்கு மாற்றாகாது, நல்ல சோற்றுக்கும் மாற்றாகாது. அவை இருக்கும் இடத்தில் அது மகிழ்ச்சியைக் கூட்டும்.

பணம் வைத்து ஆடுவதை மட்டும் வேலையிடத்தில் அனுமதிக்கக் கூடாது. குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கும் மொழி நம்முடையது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் ஆட்சியில் 1968இல் அரசு லாட்டரி நல்ல நோக்கத்தோடு தொடங்கியது; 2003இல் லாட்டரிச் சீட்டு விற்பனையே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாரக் கூலியைச் சீட்டில் தொலைத்த வீடுகள் நெசவாளர் தெருக்களிலும் இருந்தன. பத்து ரூபாய்ச் சீட்டுத்தானே என்று தொடங்கும் தம்போலா அந்த நினைவைக் கிளறும் வீடுகள் இன்றும் உண்டு. பரிசாக ஒரு டப்பாவோ டம்ளரோ போதும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடும் வீடுகளில் வென்றவருக்கு என்ன கிடைக்கிறது? பாம்பு கடித்து இறங்கியவரும் ஏணியேறிப் போனவரும் சேர்ந்தே விடியலைப் பார்ப்பார்கள்.

இத்தனையும் யோசித்தபின் நான் பரிந்துரைப்பது பள்ளி நோட்டு ஆட்டத்தைத்தான், ஒரு சிறு மாற்றத்தோடு. நான்கு பேராக உட்கார வேண்டும்; ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒரே மேசையில் கூடாது. மேற்பார்வையாளர் உட்கார்ந்தால் அவருக்கும் நான்கில் ஒரு முறைதான். வெற்றுத்தாளில் அவரவர் கட்டம் போட்டு, அவரவர் எண்களை நிரப்ப வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மொழியில் எண் சொல்லலாம், விரலும் காட்டலாம். ‘பச்சீஸ்’ என்று ஒரு குரல் வரும். ‘இரவை ஐது’ என்று இன்னொன்று வரும். ‘இப்பத்தைது’ என்று மூன்றாவது. எல்லாம் இருபத்தைந்துதான். எண்ணை அடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் காது தானாகக் கூர்மையாகும். தமிழ் தெரியாது என்பதால் கேன்டீன் வரிசையில் பேசாமலே நின்ற பெண்ணுக்காக மூன்று பேர் காத்திருப்பார்கள், அவள் சொல்லாமல் ஆட்டம் நகராது.

இரண்டாவது ஆட்டத்தில் விரலுக்கு அனுமதி இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வலப்புறம் இருப்பவரின் மொழியில் எண் சொல்ல வேண்டும். தடுமாறினால் அந்த மொழிக்காரர் எடுத்துக் கொடுக்கலாம். எடுத்துக் கொடுத்தால் சொன்னவருக்கும் குறைவில்லை, கொடுத்தவருக்கும் குறைவில்லை. மைக் வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் அதன் சத்தம் போதும்.